கொம்பியேன் கார்மேல் மடம்: கில்லட்டினுக்கு முன்னாடி அந்த 16 சிஸ்டர்கள் எப்படி வாழ்ந்தாங்க?

நாசியோன் வாசி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையா படிங்க.

நான் பாரிஸ்ல இருக்கேன். வேலைக்குப் போக தினமும் நாசியோன் ஸ்டேஷன்ல இறங்கி வேற மெட்ரோ மாறணும், ஏழு வருஷமா இதேதான். ஸ்டேஷனை விட்டு மேல ஏறி வந்தா பெரிய ரவுண்டானா, நடுவுல வெண்கலச் சிலை, சுத்தி மரம், பெஞ்சுல உக்காந்து சாண்ட்விச் சாப்பிடுற ஆளுங்க. அந்த இடத்துல 1794-ல கில்லட்டின் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணி, "பாப்பரசர் 16 கார்மேல் கன்னியருக்கு புனிதர் பட்டம் கொடுத்திருக்காராமே, உங்க பாரிஸ்லதான் தலையை வெட்டுனாங்களாம், அந்த இடத்தைப் பாத்தியா"ன்னு கேட்டப்பதான் தேடிப் பாத்தேன். 2024 டிசம்பர் 18-ல பட்டம் கொடுத்திருக்காங்க. வெட்டுன இடம் நான் தினமும் மெட்ரோ மாறுற இடம்.

அடுத்த சனிக்கிழமையே பிக்புஸ் கல்லறைக்குப் போனேன், நாசியோன்ல இருந்து நடக்குற தூரம்தான். உள்ள ஒரு சின்னக் கோயில், ரெண்டு பக்கச் சுவர் முழுக்க கில்லட்டின்ல செத்தவங்க பேரை வெட்டி வச்சிருக்காங்க, பேர், வயசு, என்ன தொழில். 1,306 பேர். ஆறே வாரத்துல. பிரபுங்க பேர் மட்டும் இருக்கும்னு நினைச்சா கடைக்காரர், வேலைக்காரப் பொண்ணு, தையல்காரர்னு போயிட்டே இருக்கு. தோட்டத்தைத் தாண்டி பின்னாடி போனா ஒரு இரும்புக் கம்பிக் கதவு, அதுக்கு மேல விட மாட்டாங்க, கம்பி வழியா பாத்தா சரளைக்கல் போட்ட தரை. அதுக்குக் கீழதான் ரெண்டு பெரிய குழி, அந்த 16 பேரும் அதுலதான் இருக்காங்க. அங்க கம்பியைப் பிடிச்சிட்டு ரொம்ப நேரம் நின்னேன், ஒரு செபமும் வாயில வரல.

என் கேள்வி இதுதான். எங்க தேடுனாலும் கடைசி நாளைப் பத்தி மட்டும்தான் எழுதியிருக்காங்க, பாடிக்கிட்டே மேடை ஏறுனாங்க, கூட்டம் அமைதியா நின்னுச்சுன்னு. அதுக்கு முன்னாடி அந்த மடம் எப்படி இருந்துச்சு? எப்போ ஆரம்பிச்சாங்க, உள்ள என்ன பண்ணுவாங்க? நாலு சுவருக்குள்ள செபம் பண்ணிட்டு இருந்த பொம்பளைங்களைப் பாத்து ஒரு அரசாங்கம் ஏன் பயப்படணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய ஏடு:

தம்பி, முதல்ல உங்க அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. அவங்க கேக்கலைன்னா நீங்க இன்னும் ஏழு வருஷம் அந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போயிருப்பீங்க.

நான் ரொம்ப வருஷமா இந்த மடத்தைப் பத்திப் படிச்சிட்டு இருக்கேன், உங்க கேள்வியை யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு. கடைசி நாளை மட்டும் பாத்தா ஏதோ 16 பேருக்கு திடீர்னு வானத்துல இருந்து தைரியம் வந்த மாதிரி இருக்கும். அப்படி இல்ல. அன்னைக்கு அவங்க செஞ்சது எல்லாமே தினமும் மடத்துல செஞ்சதுதான், அதை நான் கடைசியில சொல்றேன், முதல்ல மடம் எப்படி வந்துச்சுன்னு பாப்போம்.

ஸ்பெயின்ல ஆவிலாங்கிற ஊர்ல தெரசம்மாள் 1562-ல புனித சூசையப்பர் பேர்ல ஒரு சின்ன கார்மேல் மடம் ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி அவங்க இருந்த மடத்துல நூத்துக்கு மேல ஆளுங்க, பணக்கார வீட்டுப் பொண்ணுங்க தனி அறை, வேலைக்காரின்னு இருப்பாங்க, சொந்தக்காரங்க வந்து அரட்டை அடிச்சிட்டுப் போவாங்க. அது வேண்டாம்னுதான் புதுசா தொடங்குனாங்க, கொஞ்சப் பேர் மட்டும், சுவரை விட்டு வெளிய வரக் கூடாது, கறி கிடையாது, கால்ல சணல் செருப்பு, சாயங்காலம் ஒரு மணி நேரம் காலையில ஒரு மணி நேரம் வாய் திறக்காம தியான செபம். 1604-ல இந்தச் சபை பாரிசுக்கு வந்துச்சு, ஸ்பானிஷ் கன்னியர் ஆறு பேர், ஆவிலா அம்மாவோட கூடவே இருந்தவங்களும் அதுல உண்டு, மலையெல்லாம் தாண்டி வந்து தொடங்கி வச்சாங்க. அங்க இருந்து அமியேன், அமியேன்ல இருந்து 1641-ல கொம்பியேன். விளக்குல இருந்து விளக்கு ஏத்துற மாதிரி.

கொம்பியேன் பாரிசுக்கு வடகிழக்கே ஒரு 80 கிலோமீட்டர், உவாஸ் ஆத்தங்கரை. ராஜாவுக்கு அங்க அரண்மனை, சுத்தி பெரிய காடு, வேட்டைக்கு வருவாங்க. மடம் அரண்மனைக்குப் பக்கத்துலயே இருந்ததால அரச குடும்பத்துப் பொம்பளைங்க வந்து போறது வழக்கம். இந்த அரண்மனைப் பழக்கம்தான் பின்னாடி அவங்க தலைக்கே வினையா வந்துச்சு, அதை ஞாபகம் வச்சுக்குங்க.

சரி, உள்ள என்ன நடந்துச்சு? வெளிய சொல்ற மாதிரி ஒண்ணுமே நடக்கல தம்பி, 150 வருஷம். மணி அடிக்கும், கோடையில அஞ்சு மணிக்கு குளிர்காலத்துல ஆறு மணிக்கு எந்திரிப்பாங்க, தியானம், சங்கீதம்னு சொல்ற பைபிள் பாட்டு செபம், பூசை, வேலை. நூல் நூத்தல், தையல், துவையல், தோட்டம். வேலை நேரத்துல பேச்சு கிடையாது. சாப்பாட்டுக்கு அப்புறமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து கையில வேலையை வச்சுக்கிட்டே பேசலாம், சிரிக்கலாம், பாட்டு கட்டலாம், தெரசம்மாள் அதை ரொம்ப வற்புறுத்தி வச்சாங்க, மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு இருக்குற பக்தி அவங்களுக்கு ஆகாது. ராத்திரி ஒன்பதுக்குத் திரும்பவும் செபம், தூங்க பதினொண்ணு ஆயிடும். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருநாள்ல ஒருசந்தி நோன்பு தொடங்குனா ஈஸ்டர் பாஸ்கா வரைக்கும் போகும்.

வெளி ஆளு வந்தா இரும்புக் கம்பி அடைப்பு, அதுக்குப் பின்னாடி கறுப்புத் திரை. சாமான் கொடுக்க வாங்க சுவத்துக்குள்ள சுத்துற மரப்பெட்டி ஒண்ணு இருக்கும், இந்தப் பக்கம் காய்கறியை வச்சு சுத்துனா அந்தப் பக்கம் போயிடும், முகம் பாக்க வேண்டியதில்ல. கறுப்பு முக்காடு போட்டவங்க பாடல் செபத்துக்கு உரியவங்க, வெள்ளை முக்காடு போட்டவங்க சமையல், வீட்டு வேலை பாக்குறவங்க. கடைக்குப் போக, கதவு திறக்கன்னு வெளியில இருக்குற சிஸ்டர்கள் ரெண்டு பேர், கொம்பியேன்ல அவங்க கூடப்பிறந்த அக்கா தங்கச்சி, கத்தரின், தெரேஸ் சுவாரோன். 20 வருஷத்துக்கு மேல மடத்துக்கு உழைச்சவங்க. மத்தவங்க மாதிரி வார்த்தைப்பாடு, அதாவது துறவியா இருப்போம்னு கடவுளுக்குக் கொடுக்குற வாக்கு, கொடுக்காதவங்க, நினைச்சிருந்தா எந்த நாளும் கிளம்பிப் போயிருக்கலாம், போகல, அவங்க பேரும் நீங்க பாத்த அந்த 16-ல இருக்கு.

1789-ல பிரெஞ்சுப் புரட்சி வந்தப்போ மடத்துத் தலைவி லிதுவான் அம்மா, சபைப் பேரு அகுஸ்தினாரின் தெரேஸ். பாரிஸ்ல சாதாரண குடும்பம், அப்பா நட்சத்திரம் பாக்குற ஆப்சர்வேட்டரில வேலை, ஒரே பொண்ணு. மடத்துல சேர சீதனம் கட்டணும், வீட்ல முடியல. பதினஞ்சாம் லூயி ராஜாவோட கடைசி மக லூயிஸ் இளவரசி 1770-ல அரண்மனையை விட்டுட்டு சேன் தெனி கார்மேல் மடத்துல சேர்ந்திருந்தாங்க, அவங்க சிபாரிசுல, அப்போ பட்டத்து இளவரசியா இருந்த மரி அந்துவானெத் அந்தச் சீதனத்தைக் கட்டுனாங்க. லிதுவான் அம்மா எடுத்துக்கிட்ட சபைப் பேரும் அந்த லூயிஸ் இளவரசியோட சபைப் பேருதான். ஒரு ஏழைப் பொண்ணுக்கு ராணி கட்டுன சீதனம். அந்த ராணியை 1793 அக்டோபர்ல வெட்டுனாங்க, சீதனம் வாங்குனவங்களை அடுத்த ஜூலையில.

இன்னும் இருக்கு, வேலையை முடிச்சிட்டு வந்து எழுதுறேன்.

கரிசல் காத்து:

அக்கா நல்லா எழுதியிருக்காங்க, அரசாங்கம் ஏன் பயந்துச்சுன்னு தம்பி கேட்டதுக்கு நான் சொல்றேன். நான் கோயிலுக்குப் போற ஆளு இல்ல, பிரெஞ்சுப் புரட்சி மேல எனக்கு இன்னைக்கும் பெரிய மரியாதை உண்டு, அதனாலதான் இந்த ஜூலை 17 எனக்கு வலிக்குது.

1789-ல நாடு கடன்ல மூழ்கிக் கிடந்துச்சு, ரொட்டி விலை கூலிக்காரனுக்கு எட்டல. நிலத்துல பத்துல ஒரு பங்கு கிட்ட திருச்சபை கையில இருந்துச்சு. நவம்பர் 2-ல அந்தச் சொத்தெல்லாம் நாட்டுக்குன்னு சட்டம் போட்டாங்க. அதுக்கு முன்னாடியே அக்டோபர் 28-ல இனிமே யாரும் வார்த்தைப்பாடு கொடுக்கக் கூடாதுன்னு நிறுத்தினாங்க, 1790 பிப்ரவரி 13-ல வார்த்தைப்பாடே செல்லாதுன்னு ஆச்சு. அதுக்கும் ஒரு நியாயம் சொன்னாங்க, அதைக் கேலியா பாக்கக் கூடாது. கல்யாணத்துக்குச் சீதனம் கட்ட முடியாத வீட்ல பொண்ணைக் கொண்டு போய் மடத்துல தள்ளி விட்டது அந்தக் காலத்துல நிஜமாவே நடந்துச்சு, வாய் செத்துப் போய் உள்ள கிடந்த பொண்ணுங்க இருந்தாங்க. கதவைத் திறந்து விட்டா பறவை மாதிரி பறந்து வந்துடுவாங்கன்னு பாரிஸ்ல உக்காந்திருந்தவங்க நிஜமா நம்புனாங்க.

1790 ஆகஸ்ட்ல கொம்பியேன் மடத்துக்கு அதிகாரிங்க போனாங்க. அறை வாசல்ல காவல் போட்டு, தலைவி பக்கத்துல இல்லாம, ஒவ்வொரு சிஸ்டரையும் தனித்தனியா கூப்பிட்டு, பயப்படாம சொல்லுங்க, வெளிய போறீங்களா இருக்கீங்களான்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. ஒருத்தர் விடாம இங்கதான் வாழுவோம் இங்கதான் சாவோம்னு சொன்னாங்க. என்னைக் கேட்டா சுதந்திரம்னு பேசுன ஒரு அரசாங்கம் அதோட விட்டிருக்கணும். கேட்டாச்சு, பதில் வந்தாச்சு. அந்தப் பதிலை ஏத்துக்க முடியல, அங்கதான் வழி தவறுனாங்க.

1792 ஆகஸ்ட்ல மிச்சம் இருந்த மடத்தையும் மூடச் சட்டம் வந்துச்சு. கொம்பியேன் சிஸ்டர்களை வெளிய அனுப்புனது செப்டம்பர் 14. அக்கா மேல சொன்ன அதே திருச்சிலுவைத் திருநாள், ஒருசந்தி தொடங்குற நாள்.

அப்புறம் அவங்க சுதந்திரம் சமத்துவம்னு அரசாங்கம் கேட்ட உறுதிமொழில கையெழுத்துப் போட்டாங்க. போட்டாத்தான் மடத்துச் சொத்துக்குப் பதிலா தர்ற பென்ஷன் வரும், சோறு வேணுமே. பின்னாடி ஜெயில்ல இருக்கும்போது அதை வாபஸ் வாங்கிட்டாங்க. இதை நான் குறையா சொல்லல. பசிச்சாங்க, குழம்புனாங்க, யோசிச்சு மாத்திக்கிட்டாங்க, நம்மள மாதிரி மனுஷங்கதான்.

1794 ஜூன் 10-ல வந்த சட்டத்துல குத்தவாளிக்கு வக்கீல் கிடையாது, தீர்ப்புன்னா விடுதலை இல்ல மரணம், நடுவுல எதுவும் இல்ல. நீங்க பிக்புஸ் சுவத்துல பாத்த 1,306 பேரும் அதுக்கு அப்புறம் ஜூன் 14-ல இருந்து ஜூலை 27-க்குள்ள போனவங்க. சிஸ்டர்கள் மேல என்ன குத்தம்? ராஜா படம் வச்சிருந்தாங்க, கடிதம் எழுதுனாங்க, இயேசுவின் திரு இருதயப் படமும் பாட்டும் இருந்துச்சு. மேற்குப் பக்கம் வெந்தேங்கிற பகுதியில புரட்சிக்கு எதிரா சண்டை போட்டவங்க திரு இருதய அடையாளத்தைத்தான் சட்டையில குத்திக்கிட்டாங்க, அதனால அந்தப் படத்தைப் பாத்ததுமே எதிரியோட கொடின்னு முடிவு பண்ணிட்டாங்க. மடத்துல ஆயுதம் ஒளிச்சு வச்சிருந்தீங்கன்னும் கேட்டிருக்காங்க, லிதுவான் அம்மா கழுத்துல இருந்த பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில தொங்குற இயேசுவை, எடுத்துக் காட்டி எங்க ஆயுதம் இதுதான்னு சொன்னாங்க. ஆன்ரியெத்ங்கிற சிஸ்டர், எங்களை மதவெறியர்னு சொல்றீங்களே அதுக்கு என்ன அர்த்தம்னு விளக்கம் கேட்டாங்க, உங்க பைத்தியக்காரப் பக்தியும் நம்பிக்கையும்தான்னு பதில் வந்ததும் மத்த சிஸ்டர்கள் பக்கம் திரும்பி, கேட்டீங்களா, நம்ம விசுவாசத்துக்காகத்தான் சாகப் போறோம்னு சந்தோஷமா சொன்னாங்களாம். வக்கீல் இல்லாத கோர்ட்ல தன் வழக்கைத் தானே தெளிவு பண்ணிக்கிட்ட பொம்பளை.

பத்து நாள். ஜூலை 17-ல இவங்களை வெட்டுனாங்க, ஜூலை 27-ல இந்தப் பயங்கர ஆட்சிக்கு முன்னாடி நின்ன ரொபெஸ்பியர் விழுந்தாரு, மறுநாள் அவர் தலையும் போச்சு. பத்து நாள் தள்ளிப் போயிருந்தா 16 பேரும் பிழைச்சிருப்பாங்க, இதை நினைச்சு நினைச்சு எனக்கு ஆறவே மாட்டேங்குது.

நாசியோன் வாசி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, மெட்ரோல படிச்சிட்டு என் ஸ்டேஷனைத் தவற விட்டுட்டேன்.

ஒரு சந்தேகம். படங்கள்ல எல்லாம் அவங்க பழுப்பு அங்கி வெள்ளைப் போர்வையோட மேடை ஏறுற மாதிரி வரைஞ்சிருக்காங்க. ஆனா சபை உடுப்பு போடக் கூடாதுன்னு அப்போ சட்டம் இருந்துச்சே? 1792-ல வெளிய அனுப்புனப்பவே சாதாரண துணிக்கு மாறியிருப்பாங்களே. ஓவியர் கற்பனையா?

பழைய ஏடு:

கற்பனை இல்ல தம்பி, இந்தக் கதையில என்னை ரொம்ப உலுக்குன இடமே அதுதான்.

வெளிய வந்ததும் நாலு குழுவா பிரிஞ்சு அந்தோனியார் கோயில் பக்கத்துல வாடகை வீடுகள்ல இருந்தாங்க, சாதாரண பொம்பளைங்க துணிதான். ஆனா நேரம் மட்டும் மாத்தல, அதே மணிக்கு எந்திரிச்சு அதே சங்கீதம், ஒரு வீட்ல இருந்து இன்னொரு வீட்டுக்குப் போய் வந்துக்கிட்டு. அந்த வீடுகள்ல இருக்கும்போதுதான் லிதுவான் அம்மா ஒரு யோசனை சொன்னாங்க, நாட்டுக்கும் திருச்சபைக்கும் சமாதானம் கிடைக்கட்டும்னு நம்ம உயிரைத் தினமும் காணிக்கையா ஒப்புக்கொடுப்போமான்னு. மடத்து ஏட்டுல 1693-ல ஒரு சிஸ்டர் கண்ட கனவு எழுதியிருந்துச்சு, கொஞ்சப் பேரைத் தவிர மடமே செம்மறிக்கு, அதாவது இயேசுவுக்கு, பின்னாடி போற மாதிரி, அம்மா மனசுல அது ஓடிட்டே இருந்திருக்கு. இதைக் கேட்டதும் வயசான ரெண்டு பேருக்கு கில்லட்டின்னு நினைச்சாலே உடம்பு நடுங்கிப் போச்சு, ஷார்லோத் சிஸ்டரும் சிலுவையின் இயேசு சிஸ்டரும், ரெண்டு பேரும் 1715-ல பிறந்தவங்க. எங்களால முடியாதுன்னு ஒதுங்கிட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலமே அழுதுக்கிட்டு வந்து மன்னிச்சிடுங்க அம்மா நாங்களும் வர்றோம்னு சொன்னாங்க. எழுபத்தேழு வயசு கிழவி பயப்பட்டதையும் எழுதி வச்சிருக்காங்க பாருங்க, அதனாலதான் இந்த வரலாறு மேல எனக்கு நம்பிக்கை.

1794 ஜூன் 22-ல பிடிச்சாங்க. அதுக்கு முதல் நாள்தான் லிதுவான் அம்மா பாரிஸ்ல இருந்து திரும்பி வந்தாங்க, வயசான தன் அம்மாவைப் பாத்துட்டு. பாரிஸ்ல தெருவுல தண்டனைக் கைதிங்க வண்டி போறதைக் கண்ணால பாத்துட்டுத்தான் வந்தாங்க, பாத்த பிறகும் திரும்பி வந்தாங்க. பாரிஸ்லயே இருந்துட்ட இன்னொரு சிஸ்டர், மனித அவதாரத்தின் மரி, அவங்கதான் உயிரோட தப்பி 1836 வரைக்கும் இருந்து எல்லாத்தையும் எழுதி வச்சவங்க. நாம இன்னைக்குப் பேசுறதுல பாதி அவங்க கையெழுத்து.

ஜெயில்னு தனியா இல்ல, மூடிப் போட்ட இன்னொரு கன்னியர் மடத்துலயே அடைச்சாங்க. மாத்துத் துணி இல்லாம ஒரே துணியில வாரக்கணக்கா இருந்ததால, துணி துவைச்சுக்க அனுமதி கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஜூலை 12-ல கிடைச்சுது. எல்லா வெளித் துணியையும் தண்ணியில ஊற வச்சுட்டு, மூட்டையில இருந்த பழைய சபை உடுப்பை எடுத்துப் போட்டுக்கிட்டாங்க, காயுற வரைக்கும் வேற வழி இல்ல. அந்த நேரம் பாத்து பாரிஸ்ல இருந்து உத்தரவு வந்துச்சு, உடனே கிளப்புங்கன்னு. துணி ஈரம். காத்திருக்க நேரம் இல்ல. அப்படியே, ரெண்டு வருஷமா போடக் கூடாதுன்னு இருந்த அங்கியோட, கையைப் பின்னால கட்டி வைக்கோல் போட்ட ரெண்டு வண்டியில ஏத்துனாங்க.

யாரும் திட்டம் போடல. போராட்டம்னு போட்டுக்கிட்டதும் இல்ல. துவையல் நாள், அவ்வளவுதான்.

ராத்திரி முழுக்க வண்டி, மறுநாள் மதியத்துக்கு மேல பாரிஸ் கொன்சியர்ஜெரி ஜெயில். கை கட்டியிருக்கு, ஊன்றுகோல் பிடிக்க முடியாத ஷார்லோத் கிழவி வண்டில இருந்து இறங்க முடியாம உக்காந்திருந்தாங்க, ஒரு காவலாளி தூக்கி அப்படியே கல்தரையில போட்டான். செத்துட்டாங்கன்னு எல்லாரும் நினைச்சாங்க, முகமெல்லாம் ரத்தம். தலையைத் தூக்கி அவன்கிட்ட, என்னைக் கொல்லாம விட்டதுக்கு நன்றிப்பா, மத்தவங்க கூட சேர்ந்து போகணும்னு இருந்தேன்னாங்க.

ஜூலை 16 உத்திரிய மாதா திருவிழா, கார்மேல் சபைக்கு அதைவிடப் பெரிய நாள் இல்ல. ஒவ்வொரு வருஷமும் விழாவுக்குப் பாட்டு கட்டுறது ஜூலி லூயிஸ் சிஸ்டர். அந்த வருஷமும் கட்டுனாங்க, பேனா இல்ல, கரித்துண்டால எழுதி. மெட்டு என்ன தெரியுமா, மார்செயேஸ், புரட்சிக்காரங்க பாடுற அதே மெட்டு. மடத்துல சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணா உக்காந்து பாட்டு கட்டுவாங்கன்னு மேல சொன்னேன்ல, அதே வழக்கம்தான், ஜெயில்ல.

இப்ப ஆரம்பத்துல சொன்னதுக்கு வர்றேன். கார்மேல் மடத்துல எதுக்கும் தலைவிகிட்ட முழங்கால்ல நின்னு அனுமதி கேக்கணும். ஊசி நூல் வேணுமா கேக்கணும், தண்ணி குடிக்கவும் கேக்கணும். வெளிய இருந்து பாத்தா அற்பமா தெரியும், எனக்கும் முதல்ல படிச்சப்போ இது எதுக்குன்னுதான் இருந்துச்சு. ஜூலை 17 சாயங்காலம் மேடைக்குக் கீழ ஒவ்வொருத்தரா லிதுவான் அம்மா முன்னாடி முழங்கால் போட்டு, சாக அனுமதி கொடுங்க அம்மான்னு கேட்டாங்க, போ மகளேன்னு அனுப்புனாங்க. உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு சின்ன மண் மாதா சுரூபத்தை முத்தம் பண்ணிட்டுப் படி ஏறுனாங்க. ஊசி நூலுக்குக் கேட்டுப் பழகுன அதே வாய்.

முதல்ல போனவங்க கான்ஸ்டன்ஸ், இருக்குறதுலயே சின்னவங்க, 29 வயசு. 1788 டிசம்பர்ல உடுப்பு வாங்குனவங்க, ஒரு வருஷம் ஆனதும் வார்த்தைப்பாடு கொடுக்கணும், அதுக்குள்ள அந்த அக்டோபர் சட்டம் வந்து நின்னு போச்சு. அண்ணன்காரர் போலீசோட வந்து இழுத்துட்டுப் போகப் பாத்தாரு, வர மாட்டேன்னுட்டாங்க. அஞ்சு வருஷம் நவகன்னியாவே, பயிற்சி நிலையிலேயே, காத்திருந்தாங்க. மேடைக்குக் கீழ எல்லாரும் வார்த்தைப்பாட்டைப் புதுப்பிச்சாங்க, கான்ஸ்டன்ஸுக்கு மட்டும் அது முதல் தடவை. எழுந்து "லௌதாத்தே தோமினும்", ஆண்டவரைப் புகழுங்கள்னு லத்தீன் சங்கீதம், பாடிக்கிட்டே ஏறுனாங்க, மத்தவங்க கீழ இருந்து தொடர்ந்தாங்க. ஒவ்வொருத்தரா குரல் குறைஞ்சுக்கிட்டே வந்து கடைசியா லிதுவான் அம்மா.

சின்ன மணி:

படிச்சிட்டு அழுதுட்டேன், ஆபீஸ்ல உக்காந்து.

நான் சின்ன வயசுல சிஸ்டர்கள் நடத்துற ஹாஸ்டல்ல இருந்தேன், ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி வரிசையா நின்னு மாதாகிட்ட வேண்டுற கிருபைதயாபத்து மந்திரம் சொல்லிட்டுத்தான் லைட் ஆஃப். அந்த 16 பேரும் மேடைக்குப் போற வண்டியில பாடிட்டுப் போன "சால்வே ரெஜீனா"வும் அதுவும் ஒண்ணுதான்னு எனக்கு ரொம்ப வருஷம் தெரியாது. லத்தீன்ல ஏதோ பெரிய பாட்டுன்னு நினைச்சிருந்தேன். கண்ணீர்க் கணவாயிலிருந்து பெருமூச்சு விடுறோம்னு அதுல வரும்ல, அரைத் தூக்கத்துல அர்த்தமே தெரியாம சொல்லிட்டு இருந்திருக்கேன்.

இன்னொண்ணு சேர்க்குறேன், அக்கா விட்டுட்டாங்க. கோர்ட் முடிஞ்சு வண்டி வர்றதுக்குக் காத்திருந்த நேரம் அவங்க எதுவுமே சாப்பிடல, மயக்கம் வந்துடும் போல இருந்துச்சு. உதவித் தலைவியா இருந்த சிஸ்டர் கையில இருந்த ஒரு ரோமப் போர்வையைக் கொடுத்துட்டு அதுக்குப் பதிலா எல்லாருக்கும் ஆளுக்கொரு கப் சாக்லேட் வாங்கிக் கொடுத்தாங்க. சாகப் போற நேரத்துல பிள்ளைங்க வெறும் வயித்தோட போகக் கூடாதுன்னு தோணியிருக்கு பாருங்க. எனக்கு பாட்டை விட அந்த சாக்லேட்தான் நெஞ்சுல நிக்குது.

ஆமா அந்த ஊற வச்ச துணி என்னாச்சு? யாராவது சொல்லுங்களேன்.

கரிசல் காத்து:

அதை நான் சொல்றேன். துணி ஊற வச்ச அதே கொம்பியேன் ஜெயில்ல இவங்களுக்கு முன்னாடியே இங்கிலீஷ் பெனடிக்டைன் கன்னியர் அடைபட்டு இருந்தாங்க. இங்கிலாந்துல கத்தோலிக்க மடம் நடத்த முடியாத காலத்துல கடல் தாண்டி கம்ப்ரேங்கிற ஊர்ல மடம் கட்டி 170 வருஷம் போல இருந்தவங்க. 1793-ல பிடிச்சு கொம்பியேன்ல கொண்டாந்து போட்டாங்க, அங்க காய்ச்சல்லயும் பசியிலயும் நாலு பேர் செத்தாங்க. மிச்சம் இருந்தவங்க உடம்புல கிழிசல்தான். கார்மேல் சிஸ்டர்கள் திரும்பி வரப் போறதில்லன்னு ஆனதும் அந்த ஊற வச்ச துணியெல்லாம் இவங்களுக்குக் கொடுத்தாங்க. 1795-ல விடுதலை ஆகி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுனப்போ இவங்க உடம்புல இருந்தது அந்த 16 பேரோட துணி. அதுல கொஞ்சத்தை அப்படியே பத்திரப்படுத்தினாங்க. அந்தச் சமூகம் பின்னாடி ஸ்டான்புரூக் மடம்னு பேர் எடுத்துச்சு, இப்போ யார்க்‌ஷைர்ல இருக்காங்க.

அடுத்த வண்டியில தாங்களும் போவோம்னு அவங்க எதிர்பார்த்துட்டு இருந்தாங்க. அந்தப் பத்து நாள் அவங்களைக் காப்பாத்திடுச்சு.

பழைய ஏடு:

சின்ன மணி, சாக்லேட்டை விட்டது என் தப்புதான்மா, நல்லவேளை நீ சொன்ன.

நாசியோன் தம்பி, முடிஞ்சா ஒரு தடவை கொம்பியேன் போயிட்டு வாங்க, வட ஸ்டேஷன்ல இருந்து நேர் ட்ரெயின் இருக்கு.

நாசியோன் வாசி:

போயிட்டு வந்துட்டேன் அக்கா, போன ஞாயித்துக்கிழமை.

மடம் இல்ல. அந்த இடத்துல இப்போ இம்பீரியல் தியேட்டர் நிக்குது. மூணாம் நெப்போலியன் அரண்மனை விருந்தாளிங்க நாடகம் பாக்க 1867-ல கட்ட ஆரம்பிச்சு, 1870-ல அவர் ஆட்சி போனதும் பாதியில நின்னு, 1991-லதான் திறந்திருக்காங்க. சுத்தி ரெண்டு தடவை நடந்தேன். நாடக போஸ்டர் ஒட்டியிருந்துச்சு. ஒரு பாட்டிகிட்ட கார்மேல் மடம் எங்கன்னு கேட்டேன், இங்க இல்ல, பக்கத்துல ஜோங்க்கியேர்ங்கிற கிராமத்துல இப்போ கார்மேல் சிஸ்டர்கள் இருக்காங்கன்னு வழி சொன்னாங்க, பஸ் இல்ல, அடுத்த தடவை காரோட போகணும்.

அந்தோனியார் கோயில் மட்டும் திறந்திருந்துச்சு. இந்தத் தெருவுலதானே நாலு வீட்ல பிரிஞ்சு இருந்தாங்கன்னு ஒவ்வொரு வீட்டு வாசலா பாத்துக்கிட்டே நடந்தேன், எந்த வீடுன்னு தெரியாம. கோயில்ல உக்காந்து அம்மாவுக்கு போன் போட்டேன். துணி துவைச்ச கதையைச் சொன்னேன், ஷார்லோத் கிழவியைச் சொன்னேன். அம்மா ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு, "வெள்ளைத் துணிய சீக்கிரம் ஊற வைக்கணும், இல்லன்னா அழுக்கு போகாது, அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்"னு சொன்னாங்க, அப்புறம் கிருபைதயாபத்து சொல்ல ஆரம்பிச்சாங்க, நானும் கூடவே சொன்னேன், பாதி மறந்து போச்சு, அம்மா எடுத்துக் கொடுத்தாங்க.

ஜூலைல அம்மா இங்க வர்றாங்க. 17-ஆம் தேதி பிக்புஸ் கூட்டிட்டுப் போகணும். மதியத்துக்கு மேலதான் கேட் திறப்பாங்க, அதனால காலையில முதல்ல நாசியோன்ல இறங்கி அந்த ரவுண்டானாவுல கொஞ்ச நேரம் உக்கார வைக்கலாம்னு இருக்கேன், கிழக்குப் பக்கம் ரெண்டு பெரிய தூண் தெரியுற மாதிரி ஒரு பெஞ்ச் இருக்கு.